படகு வீட்டுப் பிள்ளைகளும் என் வருகைப் பதிவேடும்



போன மாதம் மகன் ஒரு போட்டோ போட்டிருந்தான். கம்பளித் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, நீளமான ஒரு படகின் பின்பக்கம் சுக்கான் கம்பைப் பிடித்தபடி நான் நிற்கும் படம். "டீச்சர், எந்த ஊரு?", "சித்தி, படகு ஓட்டக் கத்துக்கிட்டீங்களா?", "இந்தக் குளிரில் இந்த வயசில் இது தேவையா?" என்று எத்தனையோ கேள்விகள். கடைசிக் கேள்வி யாருடையது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் பேசிய வாய், சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

மகன் இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் குடியிருக்கிறான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் டிசம்பரில் அங்கே இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மகன், "அம்மா, மூணு ராத்திரி படகில் தங்கலாம் வர்றியா? குளிர்காலத்தில் வாடகை குறைவு, கூட்டமும் இருக்காது" என்றான். ஏதோ கப்பல் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் அறுபதடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம், ஏழடிகூட இல்லாத அகலம். இரயில் பெட்டியைப் பாதியாக வகுந்து தண்ணீரில் விட்டது போல இருந்தது. அங்கே அதற்கு நேரோபோட் என்று பெயர். குறுகலான படகு என்பதுதான் பொருள்.

உள்ளே போனால் எல்லாம் இருந்தது. சின்னச் சமையலறை, படுக்கை, குளியலறை, நடுவில் நிலக்கரி போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு. அடுப்பு எரிந்தால் உள்ளே நம் ஊர் மாசி மாத வெயில், கதவைத் திறந்தால் வெளியே ஐஸ் பெட்டி. நாங்கள் ஏறிய இடம் ஸ்டாஃபோர்டுஷயரில் கிரேட் ஹேவுட் என்னும் சின்ன ஊர். இரண்டு பழைய கால்வாய்கள் அங்கே சந்திக்கின்றன. அன்று மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஒரு மைல் தூரம்கூடப் போகவில்லை, டிக்ஸால் வைட் என்ற இடத்தில் கட்டிப்போட்டோம். அங்கே மட்டும் கால்வாய் ஏரி போல அகன்று கிடக்கும். மருமகள் ரசம் வைத்தாள். இங்கிலாந்துக் கால்வாய் ஒன்றில் பெருங்காயம் மணத்தது அன்று முதல் தடவையா என்று எனக்குத் தெரியாது. சுவை மட்டும் மறக்காது.

இந்தப் படகு ஏன் இவ்வளவு குறுகல்? பேத்தி கேட்டாள். இந்தக் கேள்வியிலிருந்துதான் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது.

1750-களில் இங்கிலாந்தில் நல்ல சாலை கிடையாது. மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். மான்செஸ்டர் நகரத்துக்கு நிலக்கரி வேண்டும். அருகே வொர்ஸ்லியில் பிரிட்ஜ்வாட்டர் கோமகனுக்குச் சொந்தமான சுரங்கம் இருந்தது. தூரம் அதிகமில்லை. ஆனால் குதிரை முதுகிலும் வண்டியிலும் ஏற்றிக் கொண்டுபோனால் கூலியே விலையைத் தூக்கிவிடும். அதனால் அவர் ஒரு கால்வாய் வெட்டச் செய்தார். 1761-இல் அது திறக்கப்பட்டது. வழியில் இர்வெல் ஆறு குறுக்கிட்டது. ஆற்றுக்கு மேலே கல் பாலம் கட்டி, அந்தப் பாலத்தின் மேல் தண்ணீரை ஓடவிட்டு, அதில் படகை விட்டார்கள். கீழே ஓர் ஆற்றில் படகு, மேலே கால்வாயில் படகு. பார்க்க ஊரே திரண்டது. மான்செஸ்டரில் கரி விலை பாதியாக இறங்கியது.

கணக்கு எளிது. வண்டியில் பூட்டிய ஒரு குதிரை ஒன்றிரண்டு டன் இழுக்கும். அதே குதிரை கரையில் நடந்துகொண்டு, கயிறு கட்டித் தண்ணீரில் மிதக்கும் படகை இழுத்தால் இருபத்தைந்து டன் வரும். தண்ணீர் பாரத்தைத் தான் சுமந்துகொள்கிறது. ஐந்தாம் வகுப்பில் "மிதத்தல்" பாடத்தில் வாளித் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் வைத்துக் காட்டினேனே, அதே பாடந்தான்.

அந்தக் கால்வாயின் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. 1716-இல் பிறந்தவர். ஆலைச் சக்கரம் செய்யும் தச்சுத் தொழிலில் இருந்து வந்தவர். இவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிரிண்ட்லிக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கெல்லாம் மனக்கணக்கு. பெரிய சிக்கல் வந்தால் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாராம். விடை கிடைத்த பிறகுதான் எழுந்து வருவாராம். கால்வாயில் தண்ணீர் கசியாமல் இருக்க அவர் கையாண்ட முறையை நம் ஊர் விவசாயி கேட்டால் சிரிப்பார். களிமண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மிதித்து மிதித்துப் பூசுவது. மாடுகளை ஓட்டி மிதிக்க வைப்பதும் உண்டு. நாம் நடவுக்கு முன் சேறு மிதிப்பது போலத்தான்.

எழுத்தறியாத ஒரு மனிதர் ஒரு நாட்டின் போக்குவரத்தையே மாற்றிவிட்டார் என்று நான் வகுப்பில் சொன்னால், "அப்போ நாங்க எதுக்கு டீச்சர் படிக்கணும்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இப்போது கிராம நிர்வாக அலுவலர். அவருக்கும் சேர்த்துத்தான் மேலே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை டிரென்ட் அண்ட் மெர்ஸி கால்வாயில் வடக்கே கிளம்பினோம். அதிகபட்ச வேகம் மணிக்கு நாலு மைல். அதாவது கிட்டத்தட்ட ஆறரைக் கிலோமீட்டர். உண்மையில் அதுவும் போகாது, கரையில் நாயோடு நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வழியில் லாக் வரும். மேடான இடத்தில் தண்ணீரை ஏற்ற முடியாது அல்லவா? அதனால் படிக்கட்டு போலக் கால்வாயைக் கட்டி, ஒவ்வொரு படியிலும் முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். படகு தொட்டிக்குள் போனதும் பின் கதவை மூடி, மேல் மடையைத் திறந்தால் தண்ணீர் ஏறும், படகும் ஏறும். மேல் மட்டத்துக்கு வந்ததும் முன் கதவைத் திறந்துகொண்டு போகலாம். எல்லாம் நம் கையால் திருப்ப வேண்டும். மோட்டாரும் இல்லை, ஆளும் இல்லை. மருமகள் மடையைத் திறக்க, மகனும் என் வீட்டுக்காரரும் கதவுக் கட்டையை முதுகு கொடுத்துத் தள்ளினார்கள். நான் மேற்பார்வை.

இந்தத் தொட்டியின் அகலம் ஏழடி சொச்சம். பிரிண்ட்லி தண்ணீரையும் செலவையும் மிச்சம் பிடிக்க அப்படி வைத்தார். தொட்டி ஏழடி என்றால் படகு அதற்குள் அடங்க வேண்டும். பேத்தியின் கேள்விக்கு விடை அதுதான். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒருவர் போட்ட அளவு, இன்று என் மகன் படுக்கும் கட்டிலின் அகலம் வரை வந்து நிற்கிறது.

இந்தக் கால்வாய் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட லாக்குகள். 1766-இல் முதல் மண்வெட்டி போட்டவர் ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் பீங்கான் தொழிலதிபர். கோப்பையும் தட்டும் செய்ய வேண்டிய வெள்ளைக் களிமண் கடல் வழியாக வந்து இறங்கும், பிறகு குதிரை முதுகில் வர வேண்டும். செய்த கோப்பைகளை மோசமான சாலையில் அனுப்பினால் பாதி உடையும். தண்ணீர் வழியில் போனால் உடையாது. அதனால்தான் பீங்கான்காரர் கால்வாய்க்கு முன்னின்றார். 1777-இல் கால்வாய் முடிந்தபோது பிரிண்ட்லி உயிரோடு இல்லை. 1772-இலேயே காலமாகிவிட்டார். மைத்துனர் ஹியூ ஹென்ஷால் முடித்து வைத்தார்.

இதில் ஹேர்காசில் என்று ஒரு சுரங்கவழி உண்டு. 2,880 கஜம், இரண்டரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். வெட்டி முடிக்கப் பதினோரு வருடம் பிடித்தது. உள்ளே குதிரை நடக்கப் பாதை கிடையாது. குதிரையை அவிழ்த்து மலை மேல் வழியாகப் பிள்ளைகள் ஓட்டிப் போவார்கள். படகில் இரண்டு பேர் பலகை மேல் மல்லாந்து படுத்து, சுரங்கத்தின் சுவரைக் காலால் மிதித்து மிதித்துப் படகை நகர்த்துவார்கள். இருட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம். நாங்கள் படகில் அவ்வளவு தூரம் போகவில்லை. திங்கட்கிழமை காரில் போய் அந்த வாசலைப் பார்த்தேன். இரும்புத் தாது கரைந்து தண்ணீர் செங்கல் நிறத்தில் இருக்கிறது. சிறிய வாய். எட்டிப் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்தக் காலைதான்.

சனி இரவு ஸ்டோன் என்ற ஊரில் படகைக் கட்டியிருந்தோம். காலையில் எழுந்து பார்த்தால் கால்வாய் முழுக்கக் கண்ணாடி போட்டது போல ஐஸ். மெல்லிய ஐஸ்தான். ஆனால் உடைத்துக்கொண்டு போனால் பக்கத்தில் கட்டியிருக்கும் படகுகளைக் கீறும், பழைய மரப்படகாக இருந்தால் பலகையையே அறுத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். உருகட்டும் என்று காத்திருந்தோம்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குப் படகு நின்றது. அதன் சொந்தக்காரர் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். என் சேலையையும் அதன் மேல் போட்ட கோட்டையும் பார்த்துவிட்டு, "உள்ளே வந்து சூடாக டீ குடியுங்கள் அம்மா" என்றார். போனேன். சரக்கு வைக்கும் பெரிய இடம் முன்னால். பின்னால், கடைசியில், ஒரு சிறு அறை. நீளம் பத்தடிக்குள், அகலம் ஏழடிகூட இல்லை. ஒரு பக்கம் கரி அடுப்பு. எதிரே பலகை. அந்தப் பலகையை மடக்கினால் அலமாரி, விரித்தால் கட்டில். சுவரெல்லாம் ரோஜாப்பூவும் கோட்டையும் பெயின்டில் வரைந்திருந்தது. துடைத்த பித்தளை, சரிகை வைத்த திரை. அவ்வளவு அழகு.

"இதில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேட்டேன்.

"என் அம்மா இதே போல ஒரு படகில்தான் பிறந்தாள். அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள்" என்றார்.

நான் அந்த அறையைத் திரும்பப் பார்த்தேன். நம் பள்ளியில் சத்துணவுப் பாத்திரம் வைக்கும் அறை இதைவிடப் பெரிது.

முதலில் இப்படி இல்லை. தொடக்கக் காலத்தில் படகோட்டிக்குக் கரையில் வீடு இருந்தது. நல்ல கூலி, உதவிக்கு ஆள். 1830-இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு சரக்கெல்லாம் இரயிலுக்குப் போனது. இரயிலோடு போட்டி போடக் கால்வாய்க்காரர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள். கட்டணம் குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்த படகோட்டி என்ன செய்வான்? உதவி ஆளை நிறுத்தினான், கரையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தான், மனைவி மக்களைப் படகில் ஏற்றினான். மனைவி சுக்கான் பிடிப்பாள், பிள்ளை குதிரையை ஓட்டும். கூலி ஒருவருக்கு, வேலை குடும்பத்துக்கே. இந்தக் கணக்கை நான் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கேட்கவில்லை. பிறகு சொல்கிறேன்.

பெரியவர் தம் அம்மாவைப் பற்றிச் சொன்னார். எழுத்துத் தெரியாது. ஊர்ப் பெயர்ப் பலகைகளை எழுத்தாகப் படிக்க மாட்டார், உருவமாக ஞாபகம் வைத்துக்கொள்வார். கடிதம் வந்தால் லாக் காவல்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். படகு சரக்கு இறக்க நிற்கும் ஒன்றிரண்டு நாளில் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவார்களாம். பத்து வயதுப் பெண்ணை அரிச்சுவடிக் குழந்தைகளோடு உட்கார வைப்பார்கள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். மறுநாள் படகு கிளம்பிவிடும். அடுத்த ஊரில் மறுபடி முதலிலிருந்து. "அம்மா வாழ்நாளில் பல பள்ளிகளுக்குப் போனாள், ஒன்றிலும் படிக்கவில்லை" என்று அவர் சொன்னார். டீ ஆறிவிட்டது.

இந்தப் பிள்ளைகளுக்காகப் பேசிய ஒருவர் உண்டு. ஜார்ஜ் ஸ்மித், கோல்வில்காரர் என்று அவரைச் சொல்வார்கள். 1831-இல் பிறந்தது டன்ஸ்டாலில். நான் எட்டிப் பார்த்த அந்தச் சுரங்கவாசலுக்கு மிக அருகில் உள்ள ஊர். ஒன்பது வயதில் செங்கல் சூளையில் களிமண் சுமந்தவர், தலையில் இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான பாரம். பிறகு சூளையிலேயே மேலாளராக உயர்ந்தார். உயர்ந்த பிறகும் தலைப்பாரத்தை மறக்கவில்லை. சூளைகளில் சிறுபிள்ளைகள் படும் பாட்டை எழுதினார், பேசினார். அவர் முயற்சியால் 1871-இல் சூளைகளும் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்தன. அவருக்குக் கிடைத்த பரிசு, வேலை போனது.

அடுத்துப் படகுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். 1877-இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகைப் பதிவு செய்ய வேண்டும், அறையை அளந்து இத்தனை பேர்தான் தங்கலாம் என்று குறிக்க வேண்டும், படகு எந்த ஊரில் பதிவானதோ அந்த ஊர்ப் பிள்ளைகளாகக் கருதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும். 1884-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஸ்மித்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். படகு மக்களைக் குடிகாரர்கள், அழுக்கர்கள் என்று மிகைப்படுத்தி எழுதினார். பித்தளையைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! நல்லது செய்கிறவர்களும் நாக்கைக் காக்க வேண்டும்.

சட்டத்தால் என்ன நடந்தது? நெரிசல் குறைந்தது, நோய் கண்ட படகுகளைச் சோதித்தார்கள், நல்லதுதான். படிப்பு மட்டும் வரவில்லை. காரணம் எளிது. பதிவான ஊர் ஒன்று, பிள்ளை இருக்கும் ஊர் இன்னொன்று. பள்ளி நிற்கும், படகு ஓடும். 1930-ஐ ஒட்டி, பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகள் படகில் இருக்கவே கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவில்லை. பிள்ளையைப் பிரித்து வைக்கத் தாய் சம்மதிப்பாளா? பிரித்து வைத்தால் சுக்கான் பிடிக்க ஆள்தான் ஏது? கொஞ்சமாவது பலன் தந்தது, பள்ளிக்கூடம் படகை நோக்கிப் போனபோதுதான். 1930-களில் லண்டனுக்கு மேற்கே ஒரு பழைய படகையே வகுப்பறையாக்கிப் படகுகள் கூடும் இடத்தில் கட்டிவைத்தார்கள். 1950-களில் பர்மிங்காமில் படகுப் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி வந்தது. அதற்குள் படகுத் தொழிலே முடியும் நேரம் வந்துவிட்டது.

முடித்து வைத்ததும் ஒரு குளிர்காலந்தான். 1962 டிசம்பர் கடைசியில் விழுந்த பனி 1963 மார்ச் வரை உருகவில்லை. கால்வாய்கள் கெட்டியாக உறைந்துபோயின. கரி ஏற்றிய படகுகள் நின்ற இடத்தில் நின்றன. உள்ளே குடும்பங்கள். படகு நகர்ந்தால்தான் கூலி. வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறினார்கள், ஐஸ் உருகிய பிறகும் திரும்பவில்லை. அரசு தன் சரக்குப் படகுகளில் பெரும்பாலானவற்றை அந்த ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. தொலைதூரம் வழக்கமாக ஓடிய கடைசிச் சரக்கு, லண்டன் அருகே ஒரு ஜாம் தொழிற்சாலைக்குப் போன நிலக்கரி. 1970-இல் அதுவும் நின்றது.

கால்வாய் தூர்ந்துபோயிருக்க வேண்டியது. காப்பாற்றியது, வேடிக்கையாக, உல்லாசப் பயணம். எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் 1939-இல் ஒரு பழைய சரக்குப் படகை வீடாக்கிக்கொண்டு மனைவியோடு கிளம்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1944-இல் வந்தது. படித்தவர்கள் கூடி 1946-இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் விடுமுறை நாட்களில் சேற்றில் இறங்கித் தூர் வாரினார்கள். 1968-இல் சட்டமே, இன்னின்ன கால்வாய்கள் உல்லாசப் படகுகளுக்காக வைத்திருக்க வேண்டியவை என்று எழுதிவைத்தது. அப்படித்தான் ஓர் ஓய்வுபெற்ற டீச்சர் அங்கே போய் ரசம் சாப்பிட முடிந்தது.

நம் பக்கிங்காம் கால்வாயும் நினைவுக்கு வந்தது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கி, 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்த மக்களின் கையால் நகருக்குள் இணைத்த கால்வாய். தெற்கே நம் மரக்காணம் வரை. உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய படகுகளைப் பற்றி என் தாத்தா சொல்வார். கழி ஊன்றியும் கயிறு கட்டியும் இழுத்த அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று நான் அவரைக் கேட்டதே இல்லை.

இப்போது என் கதை.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஐஸ் இளகியது. கிளம்பினோம். எல்லோரும் பாட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஜார்ஜ் ஸ்மித்தின் செங்கல் சூளையை விட்டு மனம் நகரவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், தொண்ணூறுகளில், நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பெயர் வேண்டாம். வாய்ப்பாடு சொன்னால் தண்ணீர் மாதிரி ஓடும். அவள் வீட்டில் பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள். கணவன் மனைவி மண் குழைத்து அறுக்க, பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போடும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு. கூலி ஒருவருக்கு, வேலை குடும்பத்துக்கு என்றேனே, அது இதுதான்.

போகும் நாளன்று என் மேசையருகே வந்து நின்று, "டீச்சர், பேரை அடிச்சிடாதீங்க. ஆனி மாசம் வந்துடுவேன்" என்றாள். சரி என்றேன். இரண்டு மாதம் கழித்து ஆண்டாய்வு வந்தது. வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் வைத்திருந்தால் கேள்வி வரும் என்று எனக்குப் பயம். சிவப்பு மையால் கோடு போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனியில் அவள் சொன்னபடியே வந்தாள். கையெல்லாம் வெடிப்பு. வாசலில் நின்றாள். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா, புதுசா சேர்க்கணும்" என்று சொன்னேன். அவள் அப்பா அன்றாடக் கூலிக்குப் போகிறவர். வரவில்லை. அவளும் அதன் பிறகு வரவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. பள்ளிக்கும் அவர்கள் தெருவுக்கும் நடை தூரம் பத்து நிமிடம்.

முப்பது வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நல்ல டீச்சர் என்று நீங்கள் ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோடு கண்ணில் வரும். பூமியின் இன்னொரு மூலையில், பத்தடி அறையில், ஒரு கிழவர் தம் தாயைப் பற்றிச் சொன்னபோது, அந்தத் தாயைப் பின் பெஞ்சில் உட்கார வைத்த டீச்சரும் நானும் ஒன்றுதான் என்று தோன்றியது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. சூளைகளின் அருகிலேயே சிறப்பு மையம் வைத்துப் பாடம் சொல்லித் தருகிற இடங்களும் உண்டு. ஆனாலும் சட்டம் எதையும் தானாகச் செய்யாது என்பதற்கு 1877-இன் கதையே சாட்சி.

அதனால் என் வேண்டுகோள். என்னிடம் படித்தவர்களில் குறைந்தது பதினைந்து பேர் இன்று ஆசிரியர்கள். இது தை மாதம். உங்கள் வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் சூளைக்கும் கரும்பு வெட்டவும் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பெயரை அடிக்காதீர்கள். எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரண்டு நோட்டும் புத்தகமும் பையில் போட்டு அனுப்புங்கள். ஆனியில் வாசலில் வந்து நின்றால், அப்பாவைக் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இன்னொன்று. நான் சொன்ன பெண்ணை அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கும். கீழே பெயரை எழுத வேண்டாம். எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். போய்ப் பார்க்க வேண்டும். இந்த முறை பத்து நிமிடத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், குளிரில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. லேசான சளி மட்டும். சுக்குக் கஷாயத்தில் சரியாகிவிட்டது. கேட்டவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்